கானாவின் ஆயுசும் என் மூக்கு ஓட்டையும்

எனக்கு அறுபது வயது. இன்னும் ஐந்து வருடத்தில் நான் செத்துப்போய்விடுவேன் என்று என் வீட்டில் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். கணக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? என் மருமகன் யுவராஜின் போனிலிருந்து. ஒண்டிக்கடை என்கிற பக்கத்து ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். தங்கமான பிள்ளை, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் எதைக் கேட்டாலும் நாம் கேட்டு முடிப்பதற்குள் அவர் விரல் போனில் ஓட ஆரம்பித்துவிடும். அந்த விரல்தான் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

என் பெயர் சித்தன். ஊர் வெள்ளக்கடை, சேலத்துக்கு மேலே மலையில் இருக்கிறது. காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஆள் கணக்கு எடுத்து, எந்தக் காட்டில் எத்தனை பேர் என்று பிரித்துவிட்டு, சாயங்காலம் அவர்கள் பறித்த பழத்தை நிறுத்து எழுதுகிறவன். நாற்று விடுவது, நிழல் மரத்தைக் கவாத்து பண்ணுவது, மிளகுக் கொடி ஏற்றுவது என்று எல்லாம் என் கையில்தான் நடந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கடிகாரம் எதற்கு? இரண்டு வருடமாக என் அரை ஏக்கர் காப்பியையே சுற்றிச் சுற்றி வந்தேன். பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அப்போதுதான் வெண்ணிலா வந்தாள். எஸ்டேட் முதலாளியின் மகள். வெளிநாட்டுக்குக் காப்பி விற்கிற வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"ரைட்டருங்களே, கானாவுல ஒருத்தர் இருக்கறாருங்க. கொக்கோ தோட்டக்காரர். அவங்க ஊர் மலையில புதுசா காப்பி போடப் போறாராம். நாற்றுப் பண்ணையிலிருந்து எல்லாத்தையும் ஆரம்பிச்சுக் குடுக்க ஆள் வேணுங்கறாரு. ரெண்டு வருசம். நான் உங்க பேரைச் சொல்லிட்டனுங்க."

"எப்ப போகோணும் அம்மணி?" என்று கேட்டேன். அவள் கையில் இருந்த டீ இன்னும் ஆறவே இல்லை.

கானா ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிற நாடு. நான் மெட்ராஸைத் தாண்டியதில்லை. அதனால் என்ன? மண்ணும் நிழலும் எனக்குத் தெரியும். இங்கே முளைக்கிற விதை அங்கே முளைக்க மாட்டேன் என்றா சொல்லும்?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி ஆராயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் மலரும் மருமகனும் அன்று வந்திருந்தார்கள். ஆராயி நிமிராமலே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அது எங்கீங்க இருக்குது?"

அதற்கு நான் பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் யுவராஜ் போனை எடுத்துவிட்டார். வரைபடம் காட்டினார், தலைநகரம் சொன்னார், மழை அளவு சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சராசரி ஆயுட்காலம் அறுபத்தஞ்சு சொச்சம்" என்று அதையும் படித்துவிட்டார்.

ஆராயியின் கை நின்றது. "அப்படின்னா என்னுங்க மாப்ள?"

"அங்க சனங்க சராசரியா அறுபத்தஞ்சு வருசம் இருப்பாங்கன்னு அர்த்தங்க அத்தை."

"இங்க?"

"இங்க எழுபத்திரண்டுன்னு போட்டிருக்குதுங்க."

அவள் விரலை மடக்கினாள், நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இங்க இருந்தா உங்களுக்கு இன்னும் பன்னெண்டு வருசம். அங்க போனா அஞ்சு. நடுவால ஏழு வருசத்தக் கொண்டு போயி எங்கீங்க தொலைக்கறீங்க?"

"அடியே, நான் என்ன ரேஷன் கடையா மாத்தறேன், அங்க போனா அளவு கொறையறதுக்கு?"

மலர் சிரித்துவிட்டாள். ஆராயி சிரிக்கவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "உங்க இஷ்டத்துக்குப் போங்க. என் வாயால போய்ட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முடிந்தது கதை. அந்த ஒரு வார்த்தை வீட்டுக்காரி வாயிலிருந்து வராமல் நான் சேலத்துக்குக்கூட பஸ் ஏறியதில்லை. நான் வாய்ச்சவடால் பேசுகிறவன்தான், ஊருக்கே தெரியும். ஆனால் அதை மீறிப் போக எனக்குத் தைரியம் கிடையாது.

அவள் இப்படிப் பயப்படுவதற்குக் காரணம் என் மூக்கு. பார்த்தீர்களா, இடது பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது. எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு நாலு பிள்ளைகள் பிறந்து நாலும் தங்கவில்லை. ஐந்தாவதாக நான் வந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டாள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனுக்குக் காட்டுவதற்காக. பேசிவைத்தபடி அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து ஏறி வந்த ஒருத்தி ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் "நீயே வளர்த்துக் குடு தாயி" என்று என் அம்மா மடியிலேயே திருப்பிப் போட்டாள். ஆக, கணக்குப்படி நான் என் அம்மாவுக்குச் சொந்தமில்லை. அதோடும் விடவில்லை, பொட்டப்பிள்ளை என்று எமன் ஏமாறட்டும் என்று மூக்கையும் குத்தினார்கள். கல்யாணம் வரைக்கும் மூக்குத்தியோடுதான் திரிந்தேன். வருகிறவள் கையால்தான் கழற்ற வேண்டும் என்று அம்மாவின் வேண்டுதல். ஆராயிதான் கழற்றினாள். அதை எங்கே வைத்தாள் என்று நான் கேட்டதே இல்லை. தொலைந்தது சனியன் என்றிருந்தேன். எஸ்டேட்டில் என் முன்னால் "ரைட்டருங்க" என்பார்கள், நான் திரும்பியதும் "மூக்கன்" என்பார்கள். என் கோபத்தில் பாதி அந்தப் பெயரால் வந்தது.

சரி, ஆயுசுக்கு வருகிறேன். மறுநாளே ஒண்டிக்கடைக்குப் போய் மருமகனைப் பிடித்தேன். "மாப்ள, நீங்க வெச்ச கொள்ளி. நீங்களே அணைக்கோணும்" என்றேன். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்களை உட்கார வைத்துவிட்டு, அந்த நாட்டின் பழைய கணக்குகளை எல்லாம் தோண்டி எடுத்து ஒரு கோடாகப் போட்டுக் காட்டினார். கோடு கீழே இடது மூலையில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது. நடுவில் சில இடங்களில் நகராமல் நிற்கிறது, கொஞ்சம் இறங்கவும் செய்கிறது, மறுபடியும் ஏறுகிறது. சேலத்திலிருந்து நம் மலைக்கு பஸ் ஏறுகிற மாதிரி. வளைவில் திணறும், ஆனால் ஏறாமல் விடாது.

"நம்ம நாட்டுக் கோட்டையும் போடுங்க" என்றேன். போட்டார். பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்த காலத்தில் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கின்றன, இரண்டும் ஐம்பதுக்குக் கீழே.

"அப்ப நான் ஐம்பதுக்குள்ளயே போயிருக்கோணுமே மாப்ள? எப்படி உக்காந்துட்டிருக்கறேன்?"

யுவராஜ் தலையைச் சொறிந்தார். இன்னும் கொஞ்சம் படித்தார். "மாமா, அது பொறக்கற கொழந்தைக்குப் போடற கணக்குங்க. கைக்கொழந்தையில போனதெல்லாம் அதுல சேருதுங்க. அறுபதைத் தொட்டவங்க அங்கயும் இன்னும் பதினஞ்சு, பதினாறு வருசம் இருக்கறாங்களாம். தனியா போட்டிருக்குதுங்க."

நான் அங்கிருந்து பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. எவனோ வண்டியில் வந்தான், அவன் பின்னால் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு அவசரம் எனக்கு, ஜெயிக்கப் போகிறேன் என்ற அவசரம்.

ஆராயி களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். "ஏ புள்ள, நீ அன்னிக்கு எங்கிட்ட சண்டைக்கு வந்தியே, ஞாபகம் இருக்குதா?" என்று ஆரம்பித்தேன்.

எந்தச் சண்டை என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கல்யாணமே அந்தச் சண்டையில்தான் ஆரம்பித்தது. ஆராயி பழம் பறிக்கிற பெண்களிலேயே கைவேகக்காரி. ஒரு நாள் துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், வந்து, இந்தக் காட்டில் சராசரி குறைந்துவிட்டது என்று எல்லோரையும் சேர்த்து ஏசிவிட்டுப் போனார். அவர் போனதும் இவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நான் பறிச்சது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா? புதுசா வந்த புள்ளைங்க ரெண்டு கொத்துப் பறிச்சுட்டு மயக்கம்னு எறங்கிப் போயிருச்சுங்க. அவங்களையும் சேர்த்து வகுத்தா கொறையத்தானுங்க செய்யும்? அதுக்கு என் கை மெதுவுன்னு அர்த்தங்களா?" என்று கேட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"அதே கணக்குத்தான் இது" என்றேன். "அறுபத்தஞ்சுங்கறது அந்த ஊருக்கு வெச்ச வேலி இல்ல. ரெண்டு கொத்தோட எறங்கிப் போன கொழந்தைங்களையும் தலைக்குத் தலை சேர்த்து வகுத்தா அப்படித்தான் வரும். இங்கயும் அப்படித்தான் வந்துச்சு. எங்கம்மா பெத்த நாலும் அந்தக் கணக்குல நிக்குது. நம்ம பையனும் நிக்கறான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மலருக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். மூன்று மாதம்கூட நிறையவில்லை. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பைக் எவனிடம் இருந்தது? பஸ் வருவதற்குள் அவள் தோளிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவனைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அப்படியே ஆகிவிட்டது. இத்தனை வருடம் வாய் திறக்காத விஷயத்தை, ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக நான் மிளகுக் களத்தில் போட்டு உடைத்துவிட்டேன்.

ஆராயி கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "கணக்கு சரிதானுங்க" என்றாள். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஆனா எனக்குப் பயம் கணக்குனால வல்லீங்க. பஸ்ஸுக்கு நின்னவளுக்குத்தான் அது தெரியும்."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வரும், காப்பி வரும், வெந்நீர் வரும். பேச்சு மட்டும் வராது. அந்த வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று வெண்ணிலாவிடம் சொல்லிவிடலாம் என்றுகூடக் கிளம்பினேன். அதற்குள் அவளே போன் செய்தாள். "ஞாயித்துக்கெழமை அவரு உங்ககூட வீடியோவுல பேசோணுங்கறாருங்க. நான் உங்க ஊட்டுக்கே வந்தர்றனுங்க."

ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலாவும், மலரும் யுவராஜும் வந்தார்கள். யுவராஜ் தன் பெரிய போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தார். வெண்ணிலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆராயி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் சேலை முந்தி மட்டும் எனக்குத் தெரிந்தது.

திரையில் வந்தவர் நல்ல ஆகிருதியான மனிதர். ஐம்பத்தைந்து இருக்கும். பெயர் டொன்கோர் என்று வெண்ணிலா சொன்னாள். இடது கன்னத்தில் சின்னதாக ஒரு தழும்பு, கத்தியால் கீறிய மாதிரி. அவர் இங்கிலீஷில் கேட்க, வெண்ணிலா தமிழில் சொல்ல, நான் பதில் சொன்னேன். எந்த மாதம் நாற்று விடுவது, கொக்கோ மரத்து நிழல் காப்பிக்கு எவ்வளவு போதும், சரிவில் தண்ணீர் எப்படித் திருப்புவது. ஒரு கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. தடுமாறுகிற ஆளா நான்? அந்த மனிதரும் சும்மா இல்லை, மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தவர் கேட்கிற கேள்விகளாகத்தான் கேட்டார். அரை மணி நேரத்தில் எங்களுக்குள் பிடித்துப் போய்விட்டது.

அப்போது அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி என்னவோ கேட்டார். வெண்ணிலா தயங்கினாள். "உங்க மூக்குல என்ன ஓட்டைன்னு கேக்கறாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "காப்பி நடறதுக்கு மூக்கு எதுக்குன்னு கேளுங்க அம்மணி!"

அவள் கேட்டாளோ இல்லையோ, அந்த மனிதர் கைகொட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கன்னத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். வெண்ணிலாவின் குரலும் மாறிவிட்டது.

"அவருக்கு முன்னால அவங்கம்மாவுக்கு மூணு கொழந்தைங்க தங்கலீங்களாம். இவரு பொறந்ததும் சாவு திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு கன்னத்துல கீறி விட்டாங்களாம். டொன்கோருங்கற பேரும் அதுக்கு வெச்சதுதானாம். வெலைக்கு வாங்குன ஆள்னு அர்த்தங்களாம். சொந்தப் புள்ளை இல்ல, வாங்கிட்டு வந்ததுன்னு சாவை ஏமாத்தறதுக்கு."

"அட என் சாமி!" என்று வாய்விட்டுக் கத்தினேன். "என்னையும் வித்தாங்கன்னு சொல்லுங்க அம்மணி! ஒரு மொறம் தவிட்டுக்கு வித்தாங்கன்னு சொல்லுங்க!" அவள் தவிட்டுக்கு இங்கிலீஷ் தேடி அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அந்த மனிதர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார்.

வெள்ளைத் தலை, பூப்போட்ட துணி கட்டிய ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். வந்ததும் முதலில் மகனை ஒரு அதட்டு அதட்டினாள், எதற்கென்று தெரியவில்லை. அம்மா என்றால் அம்மாதான். பிறகு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து என் மூக்கை உற்றுப் பார்த்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தனை நாள் கழித்து வந்த முதல் குரல்.

"அந்தம்மாளுக்கு என்ன வயசுன்னு கேளுங்க அம்மணி."

வெண்ணிலா கேட்டாள். "எம்பத்திரண்டுங்களாம்."

ஆராயி வெளியே வந்தாள். யுவராஜைப் பார்த்து, "ஏனுங்க மாப்ள, உங்க போனு இந்தம்மாள எண்ணலீங்களா?" என்று கேட்டாள். யுவராஜ் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆராயி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். காட்டிவிட்டு, மகன் தோளில் கையை வைத்தாள். வெண்ணிலா தமிழில் சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம் அம்மணி, எனக்குப் புரியுது" என்றாள் ஆராயி. பிறகு ஒரே ஒரு விரலைத் தூக்கினாள்.

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். கண்ணை மூடி, என்னவோ தன் பாஷையில் மெல்லச் சொன்னாள். ஆராயிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான், மறைக்க மாட்டேன். எங்கள் பையனுக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

விசா வந்து, டிக்கெட் வந்து, கிளம்புகிற காலையும் வந்தது. அதுவரைக்கும் ஆராயி நன்றாகப் பேசினாள், ஊறுகாய் போட்டாள், ஸ்வெட்டர் வேண்டாம் என்று சொன்னாலும் திணித்தாள். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் வெண்ணிலாவின் கார் நிற்கிறது. குப்பனூர் வழியாக இறங்கி ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். யுவராஜ் பெட்டியை ஏற்றிவிட்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். உள்ளே போன ஆராயி வரவே இல்லை.

வந்தாள். கையில் மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தாள். உள்ளே என் மூக்குத்தி. கழற்றி நாற்பது வருடம் ஆகப் போகிறது, ஆனாலும் பளபளவென்று இருந்தது. அவ்வப்போது எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது.

"உக்காருங்க" என்றாள்.

"அடியே, விளையாடறியா? அறுபது வயசுல, வேட்டி இல்லாம பேண்ட்டு போட்டுட்டு, மூக்குத்தியோட ஏரோப்ளான் ஏறச் சொல்றியா?"

"மாமா, மெட்டல் டிடெக்டர்..." என்று யுவராஜ் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்.

உட்கார்ந்தேன். வேப்பங்குச்சியால் ஓட்டையைத் துழாவினாள். வெளியே ஓட்டை தெரிந்தாலும் உள்ளே தூர்ந்திருந்தது. உயிர் போகிற வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொறுத்துக்குங்க, பொறுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே திருகாணியை முடுக்கினாள். மூச்சு என் முகத்தில் பட்டது.

"அந்த ஊர்ல எல்லாரும் சிரிக்கப் போறாங்க, போ" என்றேன்.

"அந்தம்மா சிரிக்க மாட்டாங்க. பார்த்ததும் தெரிஞ்சுக்குவாங்க, இவனுக்குப் பின்னால ஒருத்தி இருக்கறாள்னு."

பிறகு எட்டி நின்று என் மூக்கைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்தி ஆனது போல.

"ரெண்டு வருசம் கழிச்சு நான்தான் கழட்டுவேன். வேற ஒருத்தரும் கைய வெக்கப்படாது, சொல்லிட்டேன்" என்றாள். "போய்ட்டு வாங்க."